மரக்குடிசையில் பிறந்த மாமனிதர்

மகான்கள் ஒரு முறைதான் பிறப்பார்கள். வக்கீல் ஒபதையா விக்கர்ஷாம் அவர்களோ, நாட்டு நலனை முன்னிட்டு இரண்டு முறை பிறந்தார். முதலில் பாஸ்டன் நகரத்தில், மூன்று மாடிச் செங்கல் வீட்டில். நாற்பத்தாறு வருஷம் கழித்து, 1844 தேர்தலில், இல்லினாய்ஸ் காட்டோரம் ஒரு மரக்குடிசையில்.

வேறு வழி? மரக்குடிசையில் பிறக்காதவனை அப்போது எந்த வாக்காளன் மதித்தான்? வக்கீலுக்குத் தெரிந்த ஒரே குடிசை, அவரிடம் வழக்கை ஒப்படைத்திருந்த விதவை கெசியா ஸ்ட்ரவுட்டுடையது. ஆகவே, பன்றி வாட்டிப் பரிமாறிய பொதுக்கூட்டத்தில் மரக்கட்டை மேல் ஏறி நின்று, "கெசியா அம்மா குடிசையிலதான் இந்த ஏழை பிறந்தேன்!" என்று கதறினார். கூட்டமே அழுதது. கெசியா மட்டும் பயந்துபோய் அவரிடம் ஓடினாள்.

"வக்கீலய்யா, நீங்க பிறக்கிறதுக்கு என் வீடுதான் கிடைச்சுதா?"

"பிறப்பு நம்ம கையிலயா இருக்கு தாயி?"

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆளில்லாத நிலத்தில் முதலில் குடிசை போட்டவனுக்குத்தான் அதை அரசாங்கத்திடம் வாங்கும் உரிமை. முதலில் போட்டவன், செத்துப்போன அவள் கணவன். பக்கத்து மாவு ஆலைக்காரன் அதை மறுத்து வழக்குப் போட்டிருந்தான். தோற்றால் அவளும் இரண்டு பெண்களும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

வழக்கு நாளில் எதிர் வக்கீல் பத்திரிகையை விரித்தார். "நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னாடியே அங்க குடிசை இருந்திருக்கே! அப்புறம் இந்தம்மா புருஷன் எப்படி முதல் ஆள்? நான் சொல்லலீங்க, அவங்க வக்கீலே முழங்கியிருக்கார்!"

விக்கர்ஷாம் எழுந்தார். பத்திரிகை நிருபர் பென்சிலைக் கூராக்குவதைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் தேர்தல் போகும். சொல்லாவிட்டால் கெசியாவின் நிலம் போகும். பெருந்தன்மையோடு நிலத்தைத் 'தியாகம்' செய்யத் துணிந்து, இருமிவிட்டு உட்கார்ந்தார்.

கெசியாவுக்கு ஆத்திரம் பொங்கியது. எழுந்துவிட்டாள். "ஜட்ஜ் ஐயா, என் வக்கீல் பொய்யே பேசமாட்டார். அங்கதான் பிறந்திருப்பார். ஆனா அந்த வீட்டை என் புருஷன் கட்டிப் பதினோரு வருஷம்தான் ஆகுது. அதுக்கு முன்னாடி அங்க வெறும் காடு. மரம் தூக்கிவிட்டவங்க எல்லாம் இதோ, ஜூரியில உக்காந்திருக்காங்க. கேளுங்க!"

"ஆமாங்க," என்றார் ஜூரியில் ஒருவர். "உத்திரம் விழுந்து என் கட்டைவிரல்தான் நசுங்கிச்சு. இந்தம்மாதான் கட்டுப் போட்டுச்சு."

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ வக்கீலுக்கு வயசு என்ன?"

நிருபரின் பென்சில் காத்திருந்தது.

"பதினொண்ணு, ஐயா," என்றார் விக்கர்ஷாம் பணிவாக.

ஜூரிகள் இருந்த இடத்திலேயே கூடிப் பேசி, நிலம் கெசியாவுக்கே என்றார்கள். அவள் பெண்களைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அடுத்த மாதம் தேர்தல். பதினோரு வயதுப் பாலகன் ஆயிரத்து இருநூறு ஓட்டில் சட்டசபைக்குப் போனார். மரம் தூக்கிய ஜூரிகள் பன்னிரண்டு பேரும் அவருக்கே போட்டார்கள். கெசியா மட்டும் போடவில்லை. பெண்களுக்கு விவரம் போதாது என்று சட்டம் அவர்களுக்கு ஓட்டே கொடுக்கவில்லை.