லேவியராகமமும் கலப்பு நூலும்

நல்லூர், திருப்பூர்
19-2-1994

தாராபுரம் சபையில் உபதேசியாராக இருந்து ஊருக்கெல்லாம் வேதத்துக்கு அர்த்தம் சொல்லும் மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் வெள்ளையன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. உங்கள் தங்கை சுகம், மாடு சுகம், தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் அமராவதிக்கு இது ஒன்பதாம் மாதம், அவளும் சுகம்தான். நான்தான் பயத்தில் சோறு இறங்காமல் கிடக்கிறேன்.

புத்தாண்டு ஆராதனையில், ஒரே வருஷத்தில் வேதம் முழுவதையும் வாசித்து முடிக்க ஓர் அட்டவணை கொடுத்தார்கள். வருஷா வருஷம்தான் கொடுக்கிறார்கள். எல்லோரும் ஆதியாகமத்தை ஆசையாக வாசித்துவிட்டு, செங்கடலைத் தாண்டியதும் நிறுத்திக்கொள்வார்கள், நீங்களும் அதோடு நின்றுகொள்ளுங்கள் என்று உங்கள் தங்கை சொன்னாள். நான் கேட்கவில்லை. மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று பொருத்தனை பண்ணிக்கொண்டு லேவியராகமத்துக்குள் இறங்கிவிட்டேன். பத்தொன்பதாம் அதிகாரத்தில் மாட்டிக்கொண்டேன். ஒரு ஜாதி மாட்டை வேறு ஜாதியோடு சேர்க்காதே, ஒரே வயலில் இரண்டு விதையைக் கலக்காதே, இரண்டு நூல் கலந்த துணியை உடுத்தாதே என்று ஒரே வசனத்தில் மூன்றையும் சொல்லியிருக்கிறது.

மச்சான், நம் வீட்டு வாசலில் நின்று பார்த்து எழுதியது போல இருக்கிறது. என் கொட்டகையில் நிற்பது பாதி நாட்டு மாடு, பாதி சீமை ஜெர்சி. நீங்கள் கோவித்துக்கொள்ளக் கூடாது, உங்கள் காட்டில் சோளத்துக்குள் தட்டைப்பயறு கலந்து விதைத்திருந்ததை நானே கண்ணால் பார்த்தேன். நான் பொறுப்பு பார்க்கும் நூல் குடோனில் முக்கால்வாசி பி.சி. நூல், அதாவது பாலியஸ்டரும் பருத்தியும் கலந்தது. கேளாதவனுக்கு என்ன நடக்கும் என்று இருபத்தாறாம் அதிகாரத்தை எட்டிப் பார்த்தேன். காய்ச்சல், கொள்ளைநோய், துஷ்டமிருகங்கள் என்று வரிசையாகப் போகிறது. திருப்பூரில் சிங்கம் புலிக்கு வழியில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாலும், மற்றதற்கெல்லாம் வழியிருக்கிறதே.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் போதகர் பின்னாலேயே போய், அவருடைய அங்கியின் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தேன். சுத்தமான டெரிகாட்டன், அதுவும் கலப்பு நூல்தான். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். விஷயத்தைச் சொன்னதும், "வெள்ளையா, அதெல்லாம் பழைய ஏற்பாட்டு நியாயப்பிரமாணம். நாம இப்ப கிருபைக்குக் கீழ இருக்கறோம்" என்றார். "அப்படீங்களா ஐயா, அப்ப பத்துக் கற்பனையுங்க?" என்றேன். "அது இருக்குது." "சம்பளத்துல பத்துல ஒண்ணு சபைக்குக் குடுக்கற தசமபாகமுங்க?" "அது கண்டிப்பா இருக்குது." "அப்ப துணி மட்டும் போயிருச்சுங்களா?" என்று கேட்டேன். அவருக்கு உடனே கமிட்டிக் கூட்டம் ஞாபகம் வந்துவிட்டது.

முதலாளி மருதாசலத்திடம் போய், என்னைச் சுத்தப் பருத்தி நூல் பக்கம் மாற்றிவிடச் சொல்லிக் கேட்டேன். வசனத்தைச் சொல்லச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார். "ஏப்பா வெள்ளையா, அதுல சணலும் கம்பளியும்னுதான போட்டிருக்குது? பாலியஸ்டர்னு எங்கியாச்சும் போட்டிருக்குதா? போட்டிருந்தா காட்டு, மாத்தித் தர்றேன்" என்றார். மாரியம்மன் கோயிலுக்கு மாதம் தவறாமல் போகிறவர், நம் வேதத்துக்கு நம் போதகரைவிட நல்ல வியாக்கியானம் சொல்லிவிட்டார். ஆனாலும் எழுத்தில் இல்லாததால் தப்பித்துக்கொள்ளலாம் என்பது வக்கீல் புத்தி மாதிரி பட்டது. பயம் தீரவில்லை. வீட்டுக்கு வந்து மாட்டை விற்கிறேன் என்றேன். "வித்துப்போட்டு, நோவா பேழைல இருந்து எறங்குன மாட்டைப் புடிச்சாந்து கட்டுங்க" என்று சொல்லிவிட்டு உங்கள் தங்கை பால் கறக்கப் போய்விட்டாள்.

இனிமேல்தான் விஷயத்துக்கே வருகிறேன். மாடு, விதை, துணி என்று அத்தனை கவனமாகச் சொன்னவர் மனுஷனை மட்டும் விட்டிருப்பாரா? அமராவதி கட்டியிருப்பது வீரணனை. தேனிப் பக்கத்துப் பையன், அருள்புரத்தில் ஒரு கம்பெனியில் டெய்லர், கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நெற்றி நிறையத் திருநீறோடு வந்து முன் வரிசையில் பயபக்தியாக உட்காருகிற பிள்ளை. போன வருஷம் இருவரும் ஆசைப்படுகிறார்கள் என்று நானே கைபிடித்துக் கொடுத்தேன். இப்போது அந்தக் கலப்புக்குத் தண்டனை மகள் தலையில் விடிந்துவிடுமோ என்றுதான் பயம். அதனால் பிரசவம் முடிகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டுப் படி ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டாக்டரம்மா சொன்னதாகச் சொன்னேன்.

அவர் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். வேலை விட்டதும் மண்ணரையிலிருக்கும் தன் அறைக்குப் போகாமல் எதிர் டீக்கடையில் வந்து நின்றுகொள்கிறார். நேற்று கொய்யாப்பழப் பையை வாசலில் வைத்துவிட்டு, "மாமா, நான் உள்ள வரலை. சாப்பிட்டாளான்னு மட்டும் சொல்லுங்க" என்றார். அவள் சாப்பிடவில்லை. என்னோடு பேசவும் இல்லை. உங்கள் தங்கையோ, "ரூத்து மட்டும் என்னவாமாங்க? வேத்து சனம், மோவாப் தேசத்துக்காரிதான? அவ வமுசத்துலதான தாவீது ராஜாவே வந்தாரு?" என்கிறாள். இருக்கலாம். அட்டவணைப்படி எனக்கு ரூத் ஏப்ரலில்தான் வருகிறது. அதுவரை பிரசவம் காத்திருக்குமா?

ஆகையால் மச்சான், நீங்கள் நாலு எழுத்துப் படித்தவர். மாப்பிள்ளையை உள்ளே விடலாமா கூடாதா என்பதை மட்டும், ஆதார வசனத்தோடு உடனே எழுதுங்கள். கூடாது என்றால் நான் எப்படியாவது தாங்கிக்கொள்கிறேன். உங்களுக்கும் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் கர்த்தர் சகல நன்மைகளையும் தந்து, அந்தத் தட்டைப்பயறையும் மன்னிப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் பயந்த மைத்துனன்
வெள்ளையன்

பின்குறிப்பு: மேலே கேட்டதற்குப் பதில் எழுத வேண்டாம். இதைத் தபாலில் போடுவதற்குள் இன்று காலையிலேயே வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெண் குழந்தை. பிறந்த பிறகு அமராவதிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். பெற்ற தகப்பன் நான் இருக்கிறேன் என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு போனேன். சோதித்துப் பார்த்த நர்ஸம்மா, "உங்க ரத்தம் அவங்களுக்குச் சேராதுங்க" என்று சொல்லிவிட்டார். பின்னாலேயே ஓடி வந்திருந்த வீரணனுடையது சேர்ந்தது. அவர் ரத்தம்தான் இப்போது அவளுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். ரத்தம் கொடுத்த கையை மடக்கிப் பிடித்தபடி அவர் வெளியே வந்தார். நேராக என்னிடம் வந்து நின்று, "மாமா, இப்ப நான் உள்ள போயிப் பாக்கலாமா?" என்று கேட்டார்.