சந்தேகமே படாத இயந்திரம்

மனிதகுலம் பேசத் தொடங்கிய நாள்முதல் தீராமலிருந்த ‘இது என்ன மொழி?’ என்ற சிக்கலுக்கு, வெளிநாட்டில் குடியேறியவர்கள் ஊரிலுள்ள குடும்பத்தை வரவழைக்க மனுப் போடும் குடும்பச் சேர்க்கை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், மின்விசிறி சுற்றாத ஓர் அறையில் நிரந்தரத் தீர்வு காணப்பட்டது.

தீர்வை நிறுவியவன் அங்கே ஒப்பந்த வேலையில் இருந்த இளைஞன். எல்லோருக்கும் அவன் ‘தம்பி’. குவியும் மனுக்களின் மொழியை இயந்திரமே கண்டுபிடித்து முத்திரை குத்தும். அதிகாரிகள் அந்தந்த மொழிக்குள் தேடி எடுத்துக்கொள்வார்கள். தம்பிக்குத்தான் அதில் ஒரு கவலை. பாதிப் பேர் செல்போனில் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்புகிறவர்கள். அவன் அக்காவும் அப்படித்தான், ஊரில் விட்டுவந்த மகளை அழைத்துக்கொள்ள மனு போட்டிருந்தாள்.

“சார், சில மனுவுல மெஷினுக்கே சந்தேகம் வருது. அதான் ‘தெரியவில்லை’ன்னு ஒரு பிரிவு வச்சிருக்கேன்.”

மேலாளரும் தமிழர்தான். கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, நான் எப்பவாவது தெரியாதுன்னு சொல்லிக் கேட்டிருக்கியா?”

“இல்ல சார்.”

“எனக்கே இல்லாத பழக்கம் மெஷினுக்கு எதுக்கு? எது கிட்டத்துல வருதோ அதுல தள்ளு.”

தள்ளினான். மொழி தெரியாத மனு ஒன்றுகூட இல்லை என்று ஆய்வுக் கூட்டத்தில் கைதட்டல் எழுந்தது. தமிழுக்குள் தேடினால் அக்காவின் மனுவும் இல்லை. ஆங்கில எழுத்துகள் இரட்டை இரட்டையாக வந்ததால், அது பின்லாந்துக்காரர்கள் பேசும் ஃபின்னிஷ் மொழிக்குள் சௌக்கியமாக இருந்தது.

“கையால மாத்திடட்டுமா சார்?”

“மாத்தினா அப்புறம் அது எப்படிப்பா ‘தானியங்கி’?”

நேர்காணலுக்கு முறைப்படி ஒரு ஃபின்னிஷ் மொழிபெயர்ப்பாளர் வரவழைக்கப்பட்டார். நெட்டையான, கூச்ச சுபாவி. பணிவாக ஏதோ கேட்டார்.

“என்னடா கேக்கறாரு?” என்றாள் அக்கா, பக்கத்தில் நின்ற தம்பியிடம்.

“எனக்கென்னக்கா தெரியும்.”

மேலாளர் குறுக்கிட்டார். “உங்க தாய்மொழியிலதாம்மா கேக்கறாரு. சொல்லுங்க.”

“சார், நீங்களும் நானும் இப்பப் பேசறது என்ன?”

“இது நமக்குள்ள பேசிக்கறது. ஃபைல்ல ஃபின்னிஷ்.”

“என் பொண்ணுக்கு ஆறு வயசு. போன்ல என் மூஞ்சியத் தடவித் தடவிப் பாக்கறா. இத எந்த மொழியில சொன்னா உங்களுக்குப் புரியும்?”

“எனக்கு நல்லாவே புரியுதும்மா. எனக்குப் புரிஞ்சு என்ன ஆகப்போகுது?”

தம் மொழியில் கேட்ட கேள்விக்கே பதில் சொல்லாதவரின் மனு நம்பத்தக்கதல்ல என்று தீர்ப்பாயிற்று. வேண்டுமானால் மேல்முறையீடு செய்யலாம், ஃபின்னிஷ் மொழியில்.

அந்த அலுவலகத்துக்கு இரக்கமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆறு வயதுக் குழந்தைக்குத் தாயைத்தான் கொடுக்கவில்லை. புத்தம் புதிதாக ஒரு தாய்மொழியைக் கொடுத்துவிட்டதே.