முதல்முறை வருபவரை விரட்டும் பலகை

எதையும் திகதியோடு சொல்லி, எதிரில் இருப்பவரைக் கொட்டாவி விடவைப்பதில் நான் வல்லவன். அந்தத் திறமை ஒருமுறை என் கல்யாணத்தையே குழப்பப் பார்த்தது.

ஏழு ஆண்டுகளுக்கு முன் கணினி அறிவித்தல் பலகைகளின் வரலாற்றை எழுதத் தொடங்கியிருந்தேன். (ஆர் கேட்டது? ஒருத்தரும் கேட்கேல்லை.) இணையம் வீடுகளுக்கு வருமுன், ஒருவர் தன் வீட்டுக் கணினியைத் தொலைபேசிக் கம்பியில் பொருத்தி வைப்பார், மற்றவர்கள் தங்கள் கணினியிலிருந்து அழைத்து, அதில் செய்தி எழுதிவிட்டுப் போவார்கள். முதலாவது பலகை 1978 பெப்ரவரி 16 அன்று சிக்காகோவில் தொடங்கியது. பின்னர் வந்த சில மென்பொருள்களை வாங்கியவரே தன் விருப்பப்படி மாற்றி எழுதலாம். வரவேற்பு, கேள்விகள், வழியனுப்பும் வசனம் எல்லாம் வீட்டுக்காரர் வைத்ததுதான் சட்டம்.

நானே ஒன்றை நடத்திப் பார்க்காமல் வரலாறு எழுதக்கூடாது என்று, கொடிகாமத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பலகையை இணையத்தின் வழியாக ஓடவிட்டேன். உறுப்பினர்கள் என் சிநேகிதர்கள் மூன்று பேர். பழைய பலகைகள் சிலவற்றில், புதிதாக வருபவரைச் சேர்ப்பதா என்று உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். (அது முதலில் எந்த ஆண்டில் வந்தது என்று இன்னமும் தேடுகிறேன்.) அதையும் சேர்த்தேன். முதல்முறை வருபவரை விரட்டுவது, ரோசப்படாமல் இரண்டாம் முறை வந்தால் சேர்ப்பது என்பது எங்கள் வழக்கம். விண்ணப்பக் கேள்விகளை, எங்கள் ஊரவர் புதுமுகத்தைக் கண்டால் விசாரிக்கிற மாதிரியே எழுதி வைத்தேன். எழுதிவிட்டு நானே விழுந்து விழுந்து சிரித்தேன்.

அந்த நாட்களில்தான் கரவெட்டியிலிருந்து சம்பந்தம் வந்தது. பெண் வாசுகியைக் கோயில் வீதியில் ஒருமுறை கண்டிருந்தேன். அதன்பின் இரண்டு நாள் எனக்குத் திகதியே மறந்துபோனது. வேறென்ன சொல்ல?

ஞாயிறு காலை அவளுடைய தகப்பனார் என்னை விசாரிக்க வந்தார். ஓய்வுபெற்ற நில அளவையாளர். வளவின் எல்லைகளைக் கண்ணாலேயே அளந்துகொண்டு வந்து கதிரையில் அமர்ந்தார். என் அண்ணை பயற்றம் பணியாரத்தை நீட்டினார்.

“தம்பி வேலை நேரம் போக என்ன செய்வியள்?”

அண்ணை எனக்குக் கண்ணைக் காட்டினார். (உந்தப் பலகைக் கதையை மட்டும் எடாதை எண்டு அர்த்தம்.) நான் சிக்காகோவில் தொடங்கி, மடிக்கணினியைத் தூக்கி அவர் முன்னால் வைத்தேன்.

“ஐயா, நீங்களும் சேரலாம். வாசியுங்கோ, நான் அடிக்கிறன்.”

அவர் கண்ணாடியை மாட்டி உரக்க வாசித்தார். “நீர் ஆர்?” பெயரைச் சொன்னார். “எந்த ஊர்?” கரவெட்டி. “அங்கை எந்தப் பக்கம்?” குரல் கொஞ்சம் இறங்கியது. “ஆற்றை ஆள்?” (எந்தக் குடும்பத்து ஆள் என்பதுதான்.)

என்னை நிமிர்ந்து பார்த்தார். “தம்பி, உந்தக் கேள்வியளைக் கேட்கத்தான் நான் வந்தனான்.”

“பெட்டிதான் கேக்குது ஐயா, நான் இல்லை.” (எழுதினது ஆர்?)

வாக்கெடுப்பு என்று ஒன்று இருப்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. ஞாயிறு காலையில் மூவரும் பலகையிலேயே காத்துக் கிடப்பார்கள். நான்தான் கள்ளப் பெயரில் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அவர்களுடைய வாக்குகள் திரையில் வரிசையாக விழுந்தன.

“வேண்டாம். ஆள் பொய்க்காரன் போலக் கிடக்கு.”

“வேண்டாம். முகத்தைக் காணாமலே பிடிக்கேல்லை.”

“உவர் வந்தால் நான் போறன்.”

பிறகு, நான் எழுதிய வழியனுப்பும் வசனம் வந்தது: “உம்மைச் சேர்க்கேலாது. படலையைச் சாத்திப்போட்டுப் போம்.”

அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி வாசித்தார். கடித்த பணியாரத்தைத் தட்டில் வைத்தார். எழுந்து நடந்து, வெளியே போய், வாசல் படலையைச் சாத்தி, கொளுவியை மாட்டி, சரியாக மாட்டுப்பட்டதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தார். பலகையின் பதிவின்படி வந்தது 10.12, வெளியேற்றப்பட்டது 10.19. ஏழு நிமிடத்தில் தன் சம்பந்தத்தைத் தானே குழப்பிய வேறெவரும் என் குறிப்புகளில் இல்லை.

“சிக்காகோவிலை போய்ப் பொம்பிளை எடு,” என்றார் அண்ணை.

அடுத்த ஞாயிறு மன்னிப்புக் கேட்கக் கரவெட்டிக்குப் போனேன். அவர் படலையைத் திறக்கவில்லை. வெளியே நின்றே எங்கள் வழக்கத்தைச் சொன்னேன்: “எல்லாரையும் முதல்தரம் விரட்டுறனாங்கள் ஐயா. இரண்டாந்தரம் வந்தால் சேர்ப்பம்.”

அவர் கொளுவியைப் பிடித்தபடியே நின்றார். அவருக்குப் பின்னாலிருந்து வாசுகியின் குரல் வந்தது.

“அப்பா, போன கிழமை உவரை வேண்டாம் எண்டிட்டு வந்தனீங்கள். உவர் இரண்டாந்தரம் வந்து நிக்கிறார். சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே?”

“அப்ப வாக்கெடுப்பம்,” என்றார் அவர், என்னை முறைத்துக்கொண்டே. வாசுகியும் தாயாரும் ஓம் என்றார்கள். அவர் வேண்டாம் என்றார். பிறகு எல்லைக்கல்லை இடம் மாற்றி நடுகிறவர் போல, மனமில்லாமல் கொளுவியைக் கழற்றினார்.

வரலாறு இன்னும் முதல் அத்தியாயத்தில் நிற்கிறது. கரவெட்டிக்குப் போகும்போதெல்லாம் என் நாலு வயது மகள் முன்னால் ஓடி, தாத்தாவோடு படலைக்கு உள்ளே நிற்பாள்.

“நீர் ஆர்? ஆற்றை ஆள்?”

“உன்ரை அப்பா.”

“வேண்டாம்!” என்பார்கள் இருவரும். நான் சந்திவரை நடந்துபோய்த் திரும்பி வரவேண்டும். சந்தித் தேத்தண்ணிக் கடைக்காரர் என்னைக் கண்டதும் கேட்பது ஒன்றுதான்:

“தம்பி, விரட்டிப்போட்டினமோ? இருங்கோ, ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு இரண்டாந்தரம் போகலாம்.”