பாரூக்கை உயிரோடு திருப்பித் தரவும்

ராயபுரம், திருப்பூர்.
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் வேல்விழிக்கு, சித்தப்பன் தீனதயாளன் பல ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் சித்தி ஞானாம்பாளும் சுகம். சென்னையில் உன் சுகத்துக்கும், நீ உதவி இயக்குநராக இருக்கும் படக் கம்பெனியின் சுகத்துக்கும் சிவன்மலை ஆண்டவர் துணை. சுகமில்லாதவன் ஒருவன்தான், என் நண்பன் பாரூக். அவனை நீங்கள் இடைவேளைக்கு முன்னால் கொன்றுவிட்டீர்கள்.

கண்ணு, எங்கள் கார்கில் கதையை நான் உனக்குப் போனில் சொன்னபோது பாரூக் எங்கே செத்தான்? நானும் அவனும் மலையில் சண்டை போடவில்லை. சண்டை போடுகிறவர்களுக்கு மண்ணெண்ணெயும் கோதுமை மாவும் சுமந்துகொண்டு போனோம். குண்டுச் சத்தம் கேட்டு ஓடிய நான் பனியில் சறுக்கிக் காலை ஒடித்துக்கொண்டேன். பாரூக் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் என் எடையைச் சொல்லித் திட்டிக்கொண்டே இறங்கினான். கதை இவ்வளவுதான். உங்கள் படத்தில் நான் ஒற்றை ஆளாகப் பதுங்குகுழிக்குள் பாய்கிறேன், என் சட்டை தானாகக் கிழிகிறது, எனக்கு வரவேண்டிய குண்டைப் பாரூக் நெஞ்சில் வாங்கிக்கொண்டு நாட்டைப் பற்றிப் பேசுகிறான், அவன் பேசி முடிக்கும்வரை எதிரிகளும் மரியாதையாகக் காத்திருக்கிறார்கள். போதாததற்கு ஒரு டாக்டர் பெண் வேறு பனியில் நின்று எனக்காகப் பாடுகிறாள். தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் உன் சித்தி, "ஏனுங்க, அந்த டாக்டரம்மா யாருங்க? இத்தன வருசத்துல ஒரு வார்த்தை சொல்லலியே?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு வருகிறது, பேச்சு வரவில்லை.

என் மேலும் தப்பு உண்டு. திரைக்கதையைக் கட்டாக அனுப்பி, இருவரும் படித்துக் கையெழுத்துப் போடச் சொன்னாய். "ஊரு பனியனையெல்லாம் நீதான பாத்து உடற? நீ பாத்தாப் போதும்டா" என்று பாரூக் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். நானும் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற மாதிரியே பார்த்தேன். கட்டின் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று உருவினேன். மேல் தாளில் பாரூக் ரயில் ஏறுகிறான். நடுத் தாளில் சப்பாத்தி சுடுகிறான். கடைசித் தாளில் "பாரூக் சிரித்தபடி ஓடி வருகிறான்" என்று இருந்தது. சரக்கு சுத்தம் என்று ஓகே போட்டு அனுப்பிவிட்டேன். ஓடி வருவது, செத்துப்போன பாரூக்கின் நினைவாகப் பெயர் வைத்த என் மகன் என்பது தியேட்டரில்தான் தெரிந்தது. எனக்கு இரண்டும் பெண் என்று உனக்குத் தெரியாதா?

இப்போது காதர்பேட்டையில் அவன் பனியன் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் துக்கம் விசாரிக்கிறார்கள். மதுரை வியாபாரி ஒருவர் கல்லாவுக்கு மேலே இருந்த அவனுடைய ராணுவப் போட்டோவுக்கு மாலை போட்டுவிட்டு, அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தவனிடமே, "தம்பிங்களா? அண்ணன் சாடை அப்படியே இருக்கு" என்றாராம். அவன் மனைவி காத்தூன் பீவிக்குச் சொந்தக்காரர்கள் போன் போட்டு அழுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து இவன் பரோட்டா சாப்பிடுகிறான். இதையெல்லாம் நான் சிரித்துவிட்டுப் போவேன். ஆனால் தினமும் சாயங்காலம் என்னோடு பேக்கரியில் டீ குடிக்கிறவன் இப்போது வேறு பேக்கரிக்குப் போகிறான். வழியில் மடக்கிக் கேட்டால், "நான் செத்தது கண்ணுல படல, நீயெல்லாம் என்னடா செக்கிங்?" என்று சொல்லிவிட்டு வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டான். அவனில்லாமல் டீ இறங்கவே மாட்டேன் என்கிறது, கண்ணு.

மண்ணெண்ணெய் சுமப்பதை இரண்டரை மணி நேரம் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். கலர் ஏற்றிக்கொள்ளுங்கள், ஆளைக் குறைக்காதீர்கள். சாம்பிள் ஒன்று, சரக்கு வேறு என்றால் எங்கள் ஊரில் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே டிவியில் வருவதற்குள் பாரூக்கைப் பிழைக்க வைக்கவும். முடியாவிட்டால் படத்தின் முடிவில், "பாரூக் நலமாக இருக்கிறார், காதர்பேட்டையில் பனியன்கள் மொத்தமாகவும் சில்லறையாகவும் கொடுக்கிறார்" என்றாவது போடவும்.

நீ சீக்கிரம் சொந்தமாகப் படம் எடுக்கவும், அதில் எல்லோரும் கடைசிவரை உயிரோடு இருக்கவும் சிவன்மலை ஆண்டவரை வேண்டிக்கொள்ளும்,
உன் சித்தப்பன்
தீனதயாளன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பாரூக் வந்துவிட்டான். இதுவரை படத்தைப் பார்க்காமல் ஊர்ப் பேச்சைக் கேட்டே கோபித்துக்கொண்டிருந்தவன், இன்று மதியக் காட்சிக்குக் காத்தூன் பீவியோடு போயிருக்கிறான். கண் சிவந்திருந்தது. "ஏண்டா, உன்ற வேசம் போட்ட பையன் என்ற தலைய மடில வெச்சுட்டு அப்படி அழுவறானே. நெசமா நான் செத்திருந்தா நீ அப்படி அழுதிருப்பியா?" என்றான். "அதவிட சாஸ்தியா அழுதிருப்பேன்டா" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் ஒட்டாமல் இருந்த உறையைக் காட்டி, "அப்ப அந்த எடத்துல கைய வெக்க வேண்டாம்னு புள்ளகிட்டச் சொல்லு. செத்தது செத்ததாவே இருக்கட்டும்" என்றான். பிறகு இருவரும் பேக்கரிக்குப் போய் டீ குடித்தோம். எனவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டுப் பாரூக்கை நிம்மதியாகச் சாக விடவும். இடைவேளைக்கு முன்னால் அந்த டாக்டர் பெண்ணையும் கொல்ல முடியுமா என்று மட்டும் பார். உன் சித்தி இன்னும் பேசவில்லை.