கூட்டுப்படை மாஸ்டரின் அருள்புரம் ஒப்பந்தம்

எந்த நாட்டு ராணுவ மந்திரிக்கும் தெரியாத சங்கதி, அருள்புரத்தில் எங்கள் காம்பவுண்டில் பனியன் அயர்ன் பண்ணிக்கொண்டிருந்த ஒரு மனுஷனுக்குத் தெரியும். அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. எங்களுக்கு அவர் கூட்டுப்படை மாஸ்டர்.

காம்பவுண்டில் நாலு சின்னப் பனியன் தையல் யூனிட்டுகள். ஒன்று என்னுடையது, பன்னிரண்டு மெஷின். நாலு பேருக்கும் அயர்ன் வேலை அவரிடம்தான். வாசலோரம் ஒரே ஒரு டேபிள். காதில் இயர்போன், அதில் சதா போர்ச் செய்தி. டேபிளில் விரித்த டி-ஷர்ட்தான் அவருக்கு உலக வரைபடம். காலர் கடல், கை தீவு. "இந்தப் பாக்கெட்டுலதானுங்க ஏவுகணை வெச்சிருக்கறானுக" என்று அயர்ன் பாக்ஸால் ஒரு இழுப்பு இழுப்பார். ஏவுகணையும் சுருக்கமும் சேர்ந்து காணாமல் போகும்.

"தனியா நிக்கிற நாட்டை எவன் வேணா மிரட்டுவானுங்க அம்மணி. நாலு நாடு சேந்து நின்னா, கிட்ட வர்றவன் ஒண்ணுக்கு ரெண்டு தடவ யோசிப்பான்."

"மொதல்ல பீஸைப் பாருங்க மாஸ்டர், கருகப் போகுது!" என்பேன் நான்.

ஒருநாள் ஒரு தாளோடு வந்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. கல்யாணப் பத்திரிகை என்று கை நீட்டினேன். ராணுவ ஒப்பந்தம்! "ஒரு யூனிட்டுக்கு இடைஞ்சல்னா நாலு யூனிட்டுக்கும் இடைஞ்சல். அவங்கவங்க வேலைய நிறுத்திப்போட்டு ஓடி வரோணும்" என்று எழுதியிருந்ததை முருகன் படத்துக்கு முன்னால் நின்று வாசித்தார். சிரித்துக்கொண்டே மூன்று பேர் கையெழுத்துப் போட்டோம். நாலாவது யூனிட் வெள்ளகோவில்காரருடையது. ஊரில் தோட்டம் துரவு உள்ளவர், காம்பவுண்டில் ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரே வல்லரசு.

"நமக்கெதுக்குங்க வம்பு? நான் எந்தப் பக்கமும் இல்லீங்க" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கையெழுத்தோடு விட்டாரா மாஸ்டர்? மாசம் ஒருநாள் கூட்டுப் பயிற்சி வேறு. என் டைலர்கள் அடுத்த யூனிட்டில் உட்கார்ந்து ஜட்டி தைக்க வேண்டும். அந்த யூனிட் டைலர்கள் இங்கே வந்து டி-ஷர்ட்டுக்குக் கை ஏற்றித் தைக்க வேண்டும். ஒருத்தி இரண்டு கையையும் ஒரே பக்கம் ஏற்றிவிட்டாள். "பரவால்லீங்க, யுத்தத்துல இதெல்லாம் சகஜமுங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது கம்பெனியா, ராணுவ முகாமா என்று வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் செங்கடலில் கப்பல்களை அடிக்க ஆரம்பித்தார்கள். கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. வழி நீண்டுபோனதால், எனக்கு முதல்முறையாக நேரடி ஆர்டர் கொடுத்திருந்த ஐரோப்பாக்காரர் சரக்கைப் பத்து நாள் முன்னதாகக் கேட்டார். தவறினால் ஆர்டர் போச்சு. யூனிட்டைப் பூட்டிவிட்டு, பழையபடி இன்னொருத்தர் கம்பெனியில் செக்கிங் டேபிளில் போய் நிற்க வேண்டியதுதான்.

அவசரத்தில் புத்தி மழுங்கிவிட்டது. வெட்டிய துண்டுகளில் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டினால்தான் எந்த உடம்புக்கு எந்தக் கை என்று தெரியும். "எல்லாம் ஒரே நீலம்தானே" என்று ஒட்டாமலே தைக்கக் கொடுத்தேன். துணி இரண்டு தடவையாகச் சாயம் போட்டு வந்தது என்பதை மறந்தே போனேன்.

லாரிக்கு இன்னும் மூன்றே நாள். மாஸ்டர் ஒரு பீஸை வெயிலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

"அம்மணி, இந்தப் பனியனுக்குள்ளயே எல்லைத் தகராறு நடக்குதுங்க."

உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம். மூவாயிரம் பீஸ்! அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மாஸ்டர் அயர்ன் பாக்ஸை அணைத்தார். வேலை நேரத்தில் அவர் அதை அணைத்து நான் பார்த்ததே இல்லை. மஞ்சள் தாளை எடுத்துக்கொண்டு யூனிட் யூனிட்டாகப் போனார். அரை மணி நேரத்தில் கையெழுத்துப் போட்ட மற்ற இரண்டு யூனிட்டிலும் மெஷின் சத்தம் நின்றது. டைலர்கள், செக்கிங் பெண்கள், பீகார்க்காரர்கள் எல்லோரும் வந்து இறங்கினார்கள். வாசலில் பாய் விரித்து, தையல் பிரித்த கைகளை வெயிலில் வைத்து நீலம் பார்த்து உடம்போடு ஜோடி சேர்த்தார்கள். என் மெஷினில் உட்கார்ந்தவர்களில் ஒருத்தர்கூட எப்படித் தைப்பது என்று கேட்கவில்லை. அதுதான் மாசாமாசம் பயிற்சி ஆகியிருந்ததே! நான் திட்டிய அத்தனை திட்டையும் மனசுக்குள் வாபஸ் வாங்கினேன்.

மறுநாள் காலை கரண்ட் போனது. முருகா, இது வேறா என்று தலையில் கை வைத்தபோது, மதில்மேல் ஒரு தடித்த ஒயர் வந்து விழுந்தது. பின்னாலேயே வெள்ளகோவில்காரர் தலை தெரிந்தது.

"நான் கூட்டணியில சேரலீங்க. கரண்ட் மட்டும்தானுங்க."

சாயங்காலம் பார்த்தால், அவருடைய டைலர்களும் பாயில் உட்கார்ந்து நீலம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு அவரும்.

மூன்றாம் நாள் மத்தியானம் லாரி கிளம்பியது. அது கண்ணுக்கு மறைந்ததும் வெள்ளகோவில்காரர், "எங்கீங்க அந்தத் தாளு?" என்று கேட்டு வாங்கி நாலாவதாகக் கையெழுத்துப் போட்டார். அப்போதுதான் நான் கவனித்தேன்.

"மாஸ்டர், உங்க கையெழுத்தைக் காணமுங்களே?"

மனுஷன் நெளிந்தார். "எனக்கேதுங்க யூனிட்டு? நாடு இருக்கறவங்கதானுங்க ஒப்பந்தம் போடோணும். எனக்கு இருக்கறது ஒரு டேபிளு."

உலகத்து நாடுகளையெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தவர், தன்னை எதிலும் சேர்த்துக்கொள்ளவே இல்லை. வெள்ளகோவில்காரர் பேனாவை அவர் கையில் திணித்தார்.

"போடுங்க மாஸ்டர். இல்லாட்டி எம்பட கையெழுத்தை அடிச்சுப்போடுவனுங்க!"

மாஸ்டர் கடைசி வரியில் 'அயர்ன் டேபிள்' என்று எழுதினார்.

இப்போது நான் கொஞ்சம் பெரிய யூனிட்டாகப் பல்லடம் ரோட்டுக்கு வந்துவிட்டேன். எங்கேயாவது போர் என்று டிவியில் ஓடினால், சரக்கு வாங்கும் பையருக்கு முன்னால் மாஸ்டருக்குத்தான் போன் போடுவேன். 

"பயப்படாதீங்க அம்மணி, நாலு யூனிட்டு இருக்குதுங்க" என்பார்.

"அஞ்சுங்க மாஸ்டர்" என்பேன்.