ஒன்பதுக்கு எத்தனை?

"ஒன்பதுக்கு நாலா? தம்பி, என் எழுத்து பாதிகூடத் தேறலையா?"

தொலைபேசியில் வந்த கர்ஜனையில் உதவி ஆசிரியரின் தேநீர் தளும்பி மேஜையில் கொட்டியது.

பேசியவர் புகழ்பெற்ற நாவலாசிரியர். வார இதழில் 'பிரபலங்களின் குணம்' என்று ஒரு பக்கம் வருகிறது. எனியகிராம் என்ற குணக் கணக்குப்படி மனிதர்களில் ஒன்பது வகை. வகைக்கு ஓர் எண். கேள்வித்தாளை அனுப்பினால், டிக் அடித்து வரும் பதில்களைக் கூட்டிக் கழித்து எண்ணைச் சொல்லிவிடலாம். நாவலாசிரியர் வீட்டிலிருந்து வந்த தாளுக்கு நான்கு விழுந்தது. ஏக்கம், தனிமை, கலைமனம். கச்சிதம்! அச்சுக்குப் போகும் முன் மரியாதைக்காக ஒரு வார்த்தை சொல்லப் போனதுதான் வினை.

"சார், அது மார்க் இல்லீங்க. சட்டை சைஸ் மாதிரி. அவங்கவங்களுக்குப் பொருந்துறது..."

"போன வாரம் அந்தக் கவிஞருக்கு ஏழு போட்டீங்களே! அவர் என்னைவிட மூணு சைஸ் பெருசா?"

இந்தச் சங்கதி ஆசிரியரின் காதுக்குப் போயிற்று. "அடுத்த வாரம் அவர் தொடர்கதை ஆரம்பம். ஊர் முழுக்க போஸ்டர் ஒட்டியாச்சு. தொடர் வரலைன்னா நீயும் வர வேண்டாம்" என்றார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி.

வேலைக்கே ஆபத்து வந்த பிறகு விஞ்ஞானமாவது ஒன்றாவது! உதவி ஆசிரியர் பேரத்தில் இறங்கினார்.

"சார், அஞ்சு போட்டுக்கலாமா? அறிவாளிகளோட எண்."

"எட்டு."

"உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ஆறு."

"ஆறுன்னா என்ன குணம்?"

பாவி மனுஷன், உள்ளதை உள்ளபடி வாசித்தார். "விசுவாசமானவர். எதையும் சந்தேகிப்பவர். உள்ளூரப் பயந்தவர்."

"பயமா? எனக்கா? தொடரை நிறுத்துறேன், யாருக்குப் பயம்னு அப்போ தெரியும்!"

எட்டு படிந்தது. ஆளப் பிறந்தவர், அஞ்சா நெஞ்சர். அப்பாடா என்று உட்கார்ந்தால், பக்கத்தை வடிவமைக்கிறவர் கவிஞரின் மைத்துனராகப் போய்விட்டார். அரை மணியில் கவிஞர் வந்தார் லைனில்.

"அவருக்கு எட்டு, எனக்கு ஏழா? திருத்தம் போடுங்க. எட்டரை."

"எனியகிராமில் அரை கிடையாது சார்."

"கவிதைக்கு எல்லாம் உண்டு!"

"பார்க்கலாம் சார்" என்று சொல்லி வைத்தார் உதவி ஆசிரியர். அந்தப் 'பார்க்கலாமை' வைத்தே எட்டரை கிடைத்துவிட்டதாக எண்ணி, கவிஞர் நேரே நாவலாசிரியருக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டார். எரிகிற தீயில் எண்ணெய்!

"தம்பி, ஒன்பதுக்கு மேல எண் இருக்கா?"

"இல்லீங்க."

"அப்போ எனக்கு ஒன்பது."

அச்சுக்குப் பத்தே நிமிடம். ஒன்பது என்று போட்டுவிட்டு, அதற்கான குணத்தைப் பார்த்ததும் உதவி ஆசிரியருக்கு வியர்த்தது. காலையிலிருந்து விடாமல் காதைப் பிய்த்த மனிதரைப் பற்றி இதையா அச்சடிப்பது? ஊரே சிரிக்காதா?

மறுபடி மணி அடித்தது. இம்முறை நாவலாசிரியரின் மனைவி.

"ஒன்பதுக்கு என்ன போட்டிருக்குன்னு ஒருதரம் படிங்க தம்பி."

சீட்டுக் கிழிந்தது என்று முடிவு கட்டிக்கொண்டு, கண்ணை மூடாத குறையாகப் படித்தார்: "பரம சாது. சண்டை என்றாலே ஒதுங்குபவர். கூட இருப்பவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவர்."

படித்த கையோடு, எண்ணை அடிக்கப் பேனாவையும் எடுத்தார்.

"அம்மா, மாத்திடறேம்மா, தொடரை மட்டும்..."

"ஐயோ, மாத்தாதீங்க தம்பி! நாலு வந்த தாளை நிரப்பினதும் நான்தான், பக்கத்துல நின்னு எட்டு கேளு, ஒன்பது கேளுன்னு கத்த வச்சதும் நான்தான்; அந்த மனுஷன் காலையிலிருந்து 'நாலே இருக்கட்டுமேடி'ன்னு என்கிட்ட கெஞ்சிட்டிருக்கார்!"