வாசலைப் பார்த்த கேமரா

ஆதாரம் இல்லாமல் இனி மனைவியோடு சண்டை போடுவதில்லை என்று போன மாதம் ஒரு முடிவெடுத்தேன். ஆதாரத்தோடு போட்டால் மட்டும் ஜெயித்துவிட முடியுமா என்று யாராவது அப்போதே கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

சண்டை ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது.

"வாரம் பூரா ஒரு நிமிசம் கண்ண மூட முடியல. இனிமே ஞாயித்துக்கெழம சமையல் நீங்கதான்," என்றாள் சந்திரகலா.

"மத்தியானத்துல நீ தூங்கறதே இல்லயா?"

"தூக்கமா? அது இன்னா கலருன்னே எனக்குத் தெரியாது."

"நீ தூங்கறத நான் காட்டிட்டா?"

"காட்டுங்க. அப்புறம் சமையல் பேச்சே எடுக்க மாட்டேன்."

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வாரம் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டும் சூப்பர்வைசர் நான். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் ஒன்றுதான் என் சொத்து. அதை உயிருள்ளவரை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நேராக பஜாரில் பரசுராமன் கடைக்குப் போனேன். அவர் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார்.

"எங்க இருந்தாலும் போன்லயே ஊட்டப் பாக்கலாம் சார். இது நேரா மட்டும் பாக்கும். அது வெல கொஞ்சம் ஜாஸ்தி, கழுத்தத் திருப்பும்."

"யாரு திருப்புவாங்க?"

"நீங்கதான். போன்ல வெரல வெச்சித் தள்ளுனா திரும்பும்."

என் விரலசைவுக்குத் திரும்பும் ஒன்று எங்கள் வீட்டுக்கு வருகிறது என்றால் விலை பார்க்கலாமா? வாங்கிவிட்டேன்.

"ரெக்கார்டு ஆவறதுக்கு மெமரி கார்டு ஒண்ணு போட்டுரட்டா சார்?"

"லைவாவே பாக்கப் போறேன். ரெக்கார்டு எதுக்கு?"

மனிதன் இப்படித்தான் கெட்டுப்போகிறான்.

கவரைப்பேட்டை வீட்டு ஹாலில், டி.வி.க்கு மேலே கேமராவை மாட்டினேன். "திருட்டு பயம் ஜாஸ்தியாயிட்ச்சி," என்று சொல்லி வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். நம் வீட்டில் திருட என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் கம்பெனி கேட்டில் நின்றபோதுதான் ஒரு சின்ன விஷயம் உறைத்தது. எங்கள் கம்பெனிக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. செக்யூரிட்டியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒப்படைக்கிறேன். கேமரா வாங்கும்போது மட்டும் மறந்து தொலைத்தேன்.

அதனால் என்ன? வெளியே வர சூப்பர்வைசருக்கு ஒரு காரணமா கிடைக்காது? லோடு வண்டி வந்துவிட்டதா பார்க்கிறேன் என்று வருவேன். போனை வாங்குவேன். எதிர் டீக்கடையில் நிற்பேன். சும்மா நின்றால் கடைக்காரர் என்ன நினைப்பார்? மிளகாய் பஜ்ஜி சொல்வேன். சுகர் இருக்கிறது, எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடாதே என்று டாக்டர் சொன்னது வாஸ்தவம்தான். ஆனால் டாக்டருக்கு என் வீட்டு நிலவரம் தெரியாது.

ஒரு கையில் பஜ்ஜி. மறு கையால் கேமராவை வாசலிலிருந்து ஹால் பக்கம் திருப்பினேன். சந்திரகலா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சந்தேகம் வரக்கூடாதென்று கேமராவைப் பழையபடி வாசலுக்கே திருப்பிவிட்டு உள்ளே போனேன். மறுபடி வந்தேன். மறுபடி பஜ்ஜி. மறுபடி திருப்பினேன். புடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முழுக்க எப்போது திருப்பினாலும் முறமும் கையுமாகத்தான் இருந்தாள்.

பாவம், இவளையா சந்தேகப்பட்டோம் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் சரணடைந்தேன்.

"சந்திரா, நான் தோத்துட்டேன். வாரம் பூரா உன்னப் பாத்துக்கினுதான் இருந்தேன். நீ கண்ண மூடி நான் பாக்கல."

"வாரம் பூராவா? போனத்தான் கேட்டுலயே வாங்கி வெச்சிக்குவாங்களே?"

"அது... அப்பப்போ வெளிய வந்து..."

"வெளிய வந்து?"

"நின்னுகினு..."

"எங்க, டீக்கடையிலயா? இது கொர்ருனு கழுத்தத் திருப்பறப்பல்லாம் நெனச்சிக்குவேன், மனுசன் பஜ்ஜிக்கு வந்துட்டாருன்னு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"ஓஹோ! சத்தம் கேட்டதும் எழுந்து மொறத்தத் தூக்கிக்கினியா? அதுவரிக்கும் தூங்கிகினு இருந்தியா? அப்ப நான்தான் ஜெயிச்சேன்!"

"ஆமா, தூங்குனேன். காட்டுங்க பாக்கலாம்."

காட்ட என்ன இருக்கிறது? கார்டுதான் போடவில்லையே.

"நீங்க தின்னத நான் காட்டவே வேணாம். திங்கக்கெழம சுகர் டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கப் போறீங்கல்ல? அதுவே காட்டும். டாக்டரு திட்றப்ப நானும் பக்கத்துல நின்னு திட்டணுமா, இல்ல நாளைக்கு சமையல் பண்றீங்களா?"

ஞாயிறு காலையிலேயே அவள் மின்சார ரயில் ஏறி மீஞ்சூருக்கு, அக்கா நர்மதா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் அடுப்பில் சோற்றை வைத்தேன். வெங்காயம் நறுக்கி அழுதேன். வீட்டில்தான் யாரும் இல்லையே, அஞ்சு நிமிஷம் என்று ஹாலில் பாயைப் போட்டுச் சாய்ந்தேன். கண்ணை மூடினேன். ஆஹா, என் சொத்து!

தலைமாட்டில் கொர்ரென்றது. அவள் போனிலிருந்தும் கேமராவைத் திருப்பலாம் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பேச வரும் என்றும் தெரியாது.

"ஏங்க," என்றது கேமரா, மீஞ்சூரிலிருந்து. "சோத்த எறக்கி வெச்சிட்டுத் தூங்குங்க."